சர்க்கரைப் பொட்டலமும் பள்ளிக்கூடமும்

நமது சங்கங்களின் பேரவைக் கூட்டங்களில் நூல் விலை, கூலி நிர்ணயம், தேங்கிக் கிடக்கும் ஜவுளி, தள்ளுபடி மானியம், பயிர்க்கடன் தவணை, மஞ்சள் விலை ஆகியவை பேசப்படுவது வழக்கம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளின் நோயைப் பற்றி அங்கே எவரும் வாய் திறப்பதில்லை. அது வீட்டு விஷயம், வைத்தியர் விஷயம், மிஞ்சினால் பள்ளிக்கூடத்தார் விஷயம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவ்வாறு ஒதுக்குவது சரியன்று என்பது என் அபிப்பிராயம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவன் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேனேயன்றி, வைத்திய சாஸ்திரம் கற்றவன் என்ற முறையில் அன்று.

எங்கள் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் இரண்டு குழித்தறிகள் ஓடுகின்றன. ஒன்றில் கணவர், மற்றொன்றில் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படிப்பவள். நான்காம் வகுப்பில் இருந்தபோது அவளுக்குத் தீராத தாகம் உண்டாயிற்று. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். படுக்கையை நனைப்பதை மூன்று வயதிலேயே விட்டிருந்தவள் மறுபடியும் நனைக்கத் தொடங்கினாள். வயிறாரச் சாப்பிட்டும் உடம்பு இளைத்துக் கொண்டே போயிற்று. கண்ணேறு என்றார்கள்; மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு நாள் விடியற்காலையில் ஓயாத வாந்தியும் வயிற்று வலியும் கண்டு, நெஞ்சு மேலும் கீழும் ஏறியிறங்க மூச்சு வாங்கி, நினைவு தப்பிய நிலையில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டைப் 1 நீரிழிவு என்று அங்கே சொன்னார்கள். பெற்றோர் நம்பவில்லை. பத்து வயது நிரம்பாத குழந்தைக்குச் சர்க்கரை வியாதியா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இந்த நோயைப் பற்றி நம்மவர்களிடையே உள்ள தப்பெண்ணம் பெரிது. வயது வந்தோருக்கு வருகிற சர்க்கரை வியாதியை எல்லாரும் அறிவோம். மாத்திரை உண்டு, பத்தியம் உண்டு, நடைப் பயிற்சி உண்டு. குழந்தைகளுக்கு வருகிற டைப் 1 வேறு வகை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. மிட்டாய் அதிகம் தின்றதனால் வருவதன்று. தாயின் கவனக்குறைவால் வருவதுமன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமன்று. இன்சுலினை நாள்தோறும் பலமுறை ஊசி மூலம் உடம்பில் செலுத்த வேண்டும்; ஆயுள் முழுவதும் செலுத்த வேண்டும். வேரும் பட்டையும் பத்தியமும் இதற்கு மாற்றாகா. ஊசியை நிறுத்திவிட்டு வேறு வைத்தியம் பார்க்கலாம் என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராயினும், கேட்கக் கூடாது. சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் குழந்தைகள் பிழைத்ததே இல்லை. 1922 ஜனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரத்தில் லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்தைக் கண்டவர்கள் 1923-இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூட்டுறவாளர்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது. இன்று முறையாக ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை ஓடலாம், ஆடலாம், பட்டம் பெறலாம், உத்தியோகம் பார்க்கலாம், பிள்ளை குட்டிகளுடன் நெடுங்காலம் வாழலாம். மருந்து இருக்கிறது, நமது அரசு மருத்துவமனைகளில் விலையின்றியும் கிடைக்கிறது. குறை இருப்பது, குழந்தை வீட்டை விட்டுப் புறப்பட்டு மாலையில் திரும்பும் வரையிலான அந்த ஏழு எட்டு மணி நேரத்தில்தான்.

இந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பில் நல்ல ஆசிரியை ஒருவரிடம் படித்தாள். அந்த அம்மையார் தாமாகவே விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் அவளை முதலில் நிறுத்தினார். வகுப்பு நடுவில் எழுந்து வெளியே போனால் ஏனென்று கேட்கமாட்டார். காகிதத்தில் மடித்த சர்க்கரைப் பொட்டலம் ஒன்று எப்போதும் அவருடைய மேசை அறையில் இருக்கும். ஓராண்டு காலம் அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் வரவில்லை. பெற்றோர் அந்த ஆசிரியையைத் தெய்வம் என்றே சொல்லி வந்தார்கள். அடுத்த ஆண்டு பொது மாறுதலில் அவர் வேறு ஒன்றியத்துக்குப் போய்விட்டார்.

புதிதாக வந்த ஆசிரியரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது பள்ளியார் என்று பெற்றோர் இருந்தார்கள். சொல்ல வேண்டியது பெற்றோர் என்று பள்ளியார் இருந்தார்கள். பெண்ணுக்குச் சர்க்கரை வியாதி என்ற ஒரு சொல் மாத்திரம் சக மாணவர்கள் வாயிலாக அவர் காதுக்கு எட்டியது. ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு அவளுக்குக் கை நடுங்கி வியர்த்தது. பையில் வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஆசிரியர் பார்த்துவிட்டார். சர்க்கரை வியாதி உள்ளவள் திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்கிறாள் என்று எண்ணி, பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு வார்த்தை கடிந்தும் பேசினார். பத்து நிமிடத்தில் அவள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள், வலிப்புக் கண்டது. ஆம்புலன்ஸ் விரைவில் வந்ததனால் உயிர் தப்பியது.

அந்த ஆசிரியரை நான் அறிவேன். கெட்ட மனிதர் அல்லர். மருத்துவமனை வாசலில் இரவு பத்து மணி வரை நின்றவர் அவர். அவர் செய்தது குழந்தையின் நன்மையைக் கருதிச் செய்ததே. ஊரில் நூறு பேரை நிறுத்திக் கேட்டாலும் தொண்ணூறு பேர் அதையே செய்திருப்பார்கள். இந்த நோயில் இரு பக்கமும் ஆபத்து உண்டு என்பது நமக்குத் தெரிவதில்லை. சர்க்கரை ஏறுவது ஒரு தொல்லை. அது மெல்ல மெல்ல வரும். ஊசி போட்டபின் சாப்பாடு தாமதமானாலோ, குறைந்தாலோ, ஓடியாடி விளையாடினாலோ இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அது நிமிடக் கணக்கில் வரும்.

விழுந்த நாளுக்குப் பிறகு பள்ளியார் பயந்தார்கள். "உடம்பு நன்றாகத் தேறிய பிறகு அனுப்புங்கள்" என்றார்கள். இது தேறிப் போகிற நோய் அன்று என்பதை முன்னரே சொன்னேன். ஆகவே அந்த வாக்கியத்துக்கு அனுப்ப வேண்டாம் என்பதே பொருளாயிற்று. பெற்றோரும் பயந்தார்கள். எட்டு மாதம் அவள் வீட்டில் இருந்தாள். சும்மா இருப்பானேன் என்று இராட்டையின் முன் உட்கார்த்தித் தார் சுற்ற வைத்தார்கள். சங்கத்துக்குச் சேலை கொண்டுவந்த நாளில், "முன்னைவிடச் சீக்கிரம் முடிந்தது, மகள் தார் சுற்றித் தருகிறாள்" என்று தகப்பனார் என்னிடம் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தத்தோடு சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. நானும் கணக்கைப் பதிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

இங்கே தவறு யாருடையது என்று தேடுவதில் பயனில்லை. ஒரு குழந்தையின் உயிரும் படிப்பும் ஒரு நல்ல ஆசிரியையின் தயவில் தொங்கிக் கொண்டிருந்தன. அவர் போனார், தயவும் அவருடன் போயிற்று. நெசவாளர்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. சங்கம் ஏற்படுவதற்கு முன் ஜவுளி முதலாளிகளிடம் நூல் வாங்கி நெய்தவர்களில் நல்ல முதலாளி வாய்த்தவர்களும் இருந்தார்கள். தீபாவளிக்கு முன்பணம், பிரசவத்துக்கு உதவி, மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது அரிசி என்று கொடுத்த புண்ணியவான்கள் உண்டு. அவர் கண் மூடி மகன் கடைக்கு வந்ததும் எல்லாம் நின்று போகும். அதைக் கேட்க நெய்பவனுக்கு வாயில்லை. ஏனெனில் அது எழுதி வைத்த பாத்தியதை அன்று. அந்த நிலை வேண்டாமென்றுதான் பங்குத் தொகை கட்டி, துணைவிதி எழுதி, சங்கம் கண்டோம். சங்கத்தின் காரியதரிசி மாறலாம், துணைவிதி மாறுவதில்லை. நோயுற்ற குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் வேண்டியதும் இதுவே. ஒரு தாளில் எழுதி, பெற்றோரும் தலைமை ஆசிரியரும் கையொப்பமிட்ட ஏற்பாடு வேண்டும்.

அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஊசியின் அளவும் நேரமும் சிகிச்சை தரும் டாக்டர் எழுதித் தர வேண்டியவை. அதில் நாம் தலையிட வேண்டுவதில்லை. ஆனால் சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியதை ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, முகம் வெளுத்தல், காரணமின்றி எரிந்து விழுதல், கேட்டதற்குக் குளறிப் பதில் சொல்லுதல், இவை அடையாளங்கள். இவற்றுள் கடைசி இரண்டையும் ஆசிரியர்கள் முரட்டுத்தனம் என்றும் அசிரத்தை என்றும் எண்ணிவிடுவது சகஜம். அளவுமானி கையில் இருந்து 70-க்குக் கீழ் காட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. அளவுமானி இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்கவும் கூடாது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸ் தூளையோ அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கச் செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தையாயின் அளவு இன்னும் குறைவு, அதை டாக்டர் தாளில் குறித்துத் தருவார். பதினைந்து நிமிடம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடியும் ஒரு முறை கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகு இரண்டு பிஸ்கட்டோ ஒரு கவளம் சோறோ தின்னக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டாலோ வலிப்புக் கண்டாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. "தலைமை ஆசிரியர் அறைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிச் சாப்பிடு" என்று குழந்தையைத் தனியே அனுப்பக் கூடாது. வழியிலேயே விழுந்துவிடும். சர்க்கரைதான் குழந்தையிடம் வர வேண்டும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். நம்மூர்ப் பள்ளிகளில் மத்தியான உணவு காமராஜர் முதலமைச்சராக இருந்த 1956-ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வந்திருப்பது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. இவை ஏழைக் குழந்தைக்குப் பெரிய உபகாரம். ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு நேரக் கணக்கு ஒன்று உண்டு. வழக்கமான மனித இன்சுலினைப் போட்டு ஏறக்குறைய அரை மணியில் சாப்பிட வேண்டும். வீட்டில் ஏழரை மணிக்கு ஊசி போட்டு அனுப்பி, பள்ளியில் காலை உணவு எட்டே முக்காலுக்குப் பரிமாறப்பட்டால், இடையில் உள்ள நேரம் ஆபத்தான நேரம். ஒன்று, வீட்டிலேயே சாப்பிட்டுச் செல்ல வேண்டும். அல்லது பள்ளிக்குப் போய்ச் சாப்பாடு தயாரென்று கண்ட பிறகு ஊசி போட வேண்டும். சத்துணவு அமைப்பாளருக்கு இது தெரிந்திருந்தால், சமையல் தாமதமாகிற நாளில் அந்தக் குழந்தைக்கு முன்கூட்டியே ஏதேனும் கொடுத்துவிடுவார். தெரியாவிட்டால் எல்லாரோடும் வரிசையில் நிற்க வைப்பார். விளையாட்டு வகுப்புக்கு முன்னும் ஒரு வாய் தின்பண்டம் வேண்டும். அதற்காக விளையாடவே விடாமல் மரத்தடியில் உட்கார வைப்பது தவறு. அது நோயைவிட அதிகமாகக் குழந்தையைக் குறுக்கிவிடும்.

மத்தியான ஊசியை யார் போடுவது என்பது கஷ்டமான கேள்வி. ஆசிரியர் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் நர்ஸ் அல்லர். பத்துப் பன்னிரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் தாமே போட்டுக்கொள்ளக் கற்றுவிடுகிறார்கள். அளவு சரியா என்று ஒரு பெரியவர் பார்த்தால் போதும். அதற்குச் சுத்தமான ஓர் இடம் வேண்டும், கழிப்பறை மூலை ஆகாது. இன்னும் சிறிய குழந்தைக்குத் தாய்தான் வர வேண்டியிருக்கிறது. தறிக்குழியை விட்டெழுந்து, நடந்து போய், ஊசி போட்டு, சாப்பிடும்வரை இருந்து, திரும்பி வந்து மறுபடி தறியில் உட்கார எவ்வளவு நேரமாகும் என்பது நெய்பவர்களுக்குத் தெரியும். களையெடுக்கவோ மஞ்சள் வெட்டவோ போகிற தாய்க்கு அது அரைநாள் கூலி. நாள்தோறும் அரைநாள் கூலியை இழக்கும் குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்? வேளைக்கு வேளை ஊசி என்பதை மாற்றி, பள்ளி நாட்களுக்குப் பொருந்துகிற வேறு முறை உண்டா என்று டாக்டரைக் கேட்பதில் தவறில்லை. கேட்காமல் தாமாகவே மத்தியான ஊசியை விட்டுவிடுகிறவர்கள்தாம் அதிகம்.

மருந்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் வெயில் தாங்காது, உறைந்தாலும் கெடும். பிரிக்காத குப்பியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பிரித்ததை 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அகன்ற மண்பானையில் ஈர மணல் பரப்பி, அதன் நடுவே சிறு கலயத்தை இருத்தி, ஈரம் படாத உறையில் குப்பியை வைக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டு நல்லதென்று ஏற்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கும் அது போதும். மற்றொன்று, நம் நாட்டுக் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40 என்று அச்சிட்ட குப்பிக்கு 40 என்று அச்சிட்ட ஊசியையே உபயோகிக்க வேண்டும். மாறினால் அளவு இரண்டரை மடங்கு கூடும், அல்லது அவ்வளவுக்குக் குறையும். கடைக்காரர் கொடுத்தது எதுவாயினும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

தாளில் எழுத நம்மவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. "பெண் குழந்தை, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி என்று வந்தால் ஊரெல்லாம் தெரிந்துவிடுமே" என்பது அது. அந்தத் தாயும் இதையே சொன்னாள். இந்தப் பயத்தை நான் பரிகாசம் செய்யமாட்டேன். ஆனால் ஊருக்குப் பறையறைய வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர், வகுப்பாசிரியர், சத்துணவு அமைப்பாளர், பக்கத்தில் உட்காரும் ஒரு தோழி, ஆக நான்கு பேருக்குத் தெரிந்தால் போதும். அந்தத் தோழியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முகம் வெளுப்பதை முதலில் பார்க்கிறவள் அவளே. மறைத்ததனால் விஷயம் மறைந்ததா என்றால் அதுவும் இல்லை. பாதி விஷயம் பரவிற்று, அந்தப் பாதிதான் பொட்டலத்தைப் பிடுங்க வைத்தது.

ஆசிரியர்களின் பயத்தையும் நாம் மதிக்க வேண்டும். "ஏதாவது நேர்ந்தால் யார் பதில் சொல்வது?" என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அறுபது பிள்ளைகளுக்கு ஒருவராக நின்று, பதிவேடுகளும் எழுதிக்கொண்டு, இதையும் சேர்த்துப் பார் என்றால் அவருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். எழுதிய ஏற்பாடு அவருக்கும் காப்பு. டாக்டர் சொன்னதை, பெற்றோர் ஒப்பியதை, தலைமை ஆசிரியர் அறிய, தாம் செய்ததாக அவர் காட்டலாம். எழுத்தில் ஒன்றும் இல்லாதபோதுதான் பழி ஒருவர் தலையில் விழுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது. நோயுள்ள குழந்தைக்கு அதில் விலக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டபோது தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய இரத்த நோய்களைச் சேர்த்துக்கொண்டது. டைப் 1 நீரிழிவு அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-இல், இந்த நோயுள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுசெல்ல அனுமதித்தது. 2018-இல் கேரள அரசு, இக்குழந்தைகளுக்கு மருந்தும் கருவியும் தருவதற்காகத் தொடங்கிய திட்டத்துக்கு மிட்டாய் என்று பெயர் வைத்தது. பெயர் வைத்தவர் யாரோ, குழந்தைகளின் மனம் அறிந்தவர்! தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. வகுப்பிலேயே சர்க்கரை அளவு பார்க்கவும், ஊசி போடவும், இடையில் தின்னவும், டாக்டர் சொற்படி விளையாடவும் விட வேண்டும் என்பது அதன் சாரம். அதையொட்டி உத்தரப் பிரதேச அரசு பள்ளிகளுக்கு ஆணையிட்டது. இவையெல்லாம் நல்லவை. ஆயினும் தலைநகரத்தில் எழுதிய கடிதம் நம்மூர் ஆறாம் வகுப்பு வரை தானாக நடந்து வராது. யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்த யாராவது நம் சங்கமாக இருக்கலாகாதா? நமது இயக்கத்துக்கு வழிகாட்டிய ராச்டேல் முன்னோடிகள் 28 பேரில் நெசவாளர்கள் இருந்தார்கள். 1844-இல் ஒரு சிறு கடை திறந்த அவர்கள், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் சங்கங்களில் பொதுநல நிதி என்று ஒன்று வைத்திருக்கிறோம். விதிகள் இடம் கொடுக்கிற அளவில் அதிலிருந்து பள்ளிக்கு ஓர் அளவுமானி, சோதனைப் பட்டைகள், குளுக்கோஸ் தூள், ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பது பெரிய செலவாகாது. பட்டைகள்தாம் குடும்பத்தைக் கரைப்பவை. தினம் மூன்று நான்கு வேண்டும், பெரும்பாலும் கைக்காசில் வாங்குவது. இதைவிட முக்கியமானது பணம் வேண்டாத காரியம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெற்றோர் யார்? நம் அங்கத்தினர்களே. சங்கத்தில் தீர்மானம் போடத் தெரிந்த நமக்கு அந்தக் குழுவிலும் ஒரு தீர்மானம் கொண்டுவரத் தெரியாதா?

நீரிழிவைப் பற்றியே பேசியதற்குக் காரணம் நான் கண்ணால் கண்டது அது என்பதுதான். ஆஸ்துமா உள்ள குழந்தைகள் நெசவாளர் வீடுகளில் உண்டு. நூல் தூசி அதைக் கிளப்பிவிடும். அவர்களுடைய உறிஞ்சு மருந்தைத் தலைமை ஆசிரியர் பூட்டிய அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தால், மூச்சுத் திணறும்போது சாவியைத் தேட நேரமிராது. அது பிள்ளையின் பையிலேயே இருக்க வேண்டும். வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டியைச் செருகுவதும் இன்னும் நம்மிடையே நடக்கின்றன, இரண்டும் கூடா. ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனை. இவர்களுக்கும் அதே ஒரு தாள்தான்.

எங்கள் சங்கத்தில் இந்த விஷயம் பேரவைக்கு வந்தபோது ஓர் அங்கத்தினர் எழுந்து, ஒரு வீட்டுக் குழந்தைக்காக எல்லார் பணத்தையும் செலவிடுவதா என்று கேட்டார். கேட்பது அவருடைய உரிமை. பெட்டி பள்ளிக்கூடத்துக்கே சொந்தமாக இருக்கும், அந்தப் பெண்ணுக்கு மாத்திரம் அன்று என்று விளக்கிய பின் தீர்மானம் நிறைவேறியது. டாக்டரிடம் தாள் எழுதி வாங்க நானும் தகப்பனாருடன் போனேன். தலைமை ஆசிரியர் கையொப்பமிட்டு, ஒரு நகலை ஆசிரியர் அறையில் ஒட்டாமல், வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் வைத்தார். எந்த ஆசிரியர் வந்தாலும் பதிவேட்டைத் திறந்துதானே ஆக வேண்டும். நல்ல யோசனை, எனக்குத் தோன்றாதது. முன்பு பொட்டலத்தைப் பிடுங்கிய ஆசிரியர்தான் இப்போது பெட்டிக்குப் பொறுப்பாளர். பெண் ஏழாம் வகுப்பில் இருக்கிறாள். எட்டு மாத இடைவெளியில் விட்டுப்போன பின்னக் கணக்கு இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை. மாலையில் தோழியோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறாள். தார் சுற்றுவது விடுமுறை நாளோடு நின்றது. அதனால் சேலை முடிய முன்போலவே நாளாகிறது என்று தகப்பனார் சொன்னார்.

தாள் ஒரு முறை எழுதியதோடு முடிவதன்று. குழந்தை வளர வளர மருந்தின் அளவு மாறும், வகுப்பு மாறும், ஆசிரியர் மாறுவார். ஆண்டுதோறும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் புதுப்பிக்க வேண்டும். பெட்டியில் உள்ள பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு. ஆகவே காரியதரிசிகள் மே மாத நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில், பயிர்க்கடன் விஷயத்துக்குப் பிறகேனும், இதற்கு ஓர் எண் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.